பத்திரம் யார் பெயரில்? அமெரிக்கக் கறுப்பின மக்கள் கட்டிய நிறுவனங்களின் வரலாறு



மறைந்த நம் தோழரின் நினைவுச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்த மன்றத்துக்கு நன்றி. தோழரை அறிந்தவர்களுக்குத் தெரியும், மேடையில் அவர் பேசியது குறைவு. மன்றத்தின் ரசீதுப் புத்தகம், வாடகை, நூலகச் சாவி, கூட்டத்துக்கு முன்னால் போட வேண்டிய நாற்காலி, இவற்றைப் பார்த்துக்கொண்டவர் அவர். அவர் நினைவில் பேச நிற்கும்போது, போராட்ட வரலாறுகளில் அதிகம் பேசப்படாத இந்தப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. மகாத்மா புலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1946 ஜூலையில் அவர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த மனுவின் பிரதிகள் வேண்டும் என்று கேட்டார். டுபாய்ஸ் அதே மாதத்தில் பதில் எழுதினார். 1972இல் பம்பாயில் உருவான தலித் பேந்தர்ஸ் தன் பெயரையே அங்கிருந்து எடுத்துக்கொண்டது.

ஆனால் அங்கிருந்து நாம் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் பெயர்களும் முழக்கங்களும்தான். ரோசா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்தார். மார்ட்டின் லூதர் கிங் பேசினார். சட்டம் மாறியது என்று மூன்று வரியில் சொல்லிவிடுகிறோம். எழுந்திருக்க மறுத்தவருக்கு அன்று இரவே ஜாமீன் எடுக்க ஆள் எங்கிருந்து வந்தது? கிங் பேசிய இடம் யாருடையது? ஓராண்டுக்கு மேல் பேருந்தில் ஏறாமல் இருந்த மக்கள் எப்படி வேலைக்குப் போனார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் ஒரு நூற்றாண்டு, இரண்டு நூற்றாண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது. அங்கே சந்தாக் கணக்கும், சாவுச் செலவுச் சங்கமும், கிரயப் பத்திரமும் இருக்கின்றன.

நிறுவனம் என்றதும் இன்று கம்பெனிதான் நினைவுக்கு வருகிறது. சமூகவியலில் அதற்கு அகலமான பொருள் உண்டு. ஆள் மாறினாலும் தொடர்ந்து நடக்கும் ஏற்பாடு அது. அதற்கு விதி உண்டு, பொறுப்பாளர் உண்டு, பணம் உண்டு, கூடும் இடம் உண்டு. ஒடுக்கப்பட்ட மக்கள் இப்படிப்பட்ட ஏற்பாடுகளை எப்படிக் கட்டினார்கள், அவை யார் கையில் இருந்தன, கை மாறியபோது என்ன ஆயிற்று என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு தேவாலயமும் அதன் பத்திரமும்

1787இல் ஃபிலடெல்பியா நகரில் ‘சுதந்திர ஆப்பிரிக்கச் சங்கம்’ தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் ரிச்சர்ட் ஆலன், அப்சலோம் ஜோன்ஸ். இருவரும் அடிமைகளாகப் பிறந்து, உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டவர்கள். சங்கத்தின் விதி எளிமையானது. உறுப்பினர் மாதம் ஒரு ஷில்லிங் சந்தா கட்ட வேண்டும். ஓராண்டு கட்டிய பிறகு அவர் நோயிலோ வறுமையிலோ விழுந்தால் வாரம் 3 ஷில்லிங் 9 பென்ஸ் உதவி கிடைக்கும். இறந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சங்கம் துணை நிற்கும்.

இந்தக் காலத்தில்தான் அந்த நகரின் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் தேவாலயத்தில் ஒரு சம்பவம் நடந்தது. கறுப்பின மக்கள் மேல்மாடத்தில்தான் உட்கார வேண்டும் என்று சொல்லப்பட்டது. முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸை, ஜெபம் முடியும் முன்பே எழுப்பி நகர்த்தப் பார்த்தார்கள். அவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். கடவுளுக்கு முன்னால் மண்டியிட்டவனைத் தூக்கி நிறுத்துகிற கை எப்படிப்பட்டது என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை.

வெளியேறிய கதை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். ஆலன் ஏற்கெனவே ஆறாவது தெருவில் ஓர் இடம் வாங்கியிருந்தார். ஒரு பழைய கொல்லுப்பட்டறையை விலைக்கு வாங்கி, குதிரைகளைக் கட்டி இழுத்து வந்து அங்கே நிறுத்தி, தேவாலயமாக மாற்றினார்கள். 1794இல் பெத்தேல் தேவாலயம் திறக்கப்பட்டது. 1796இல் அதைச் சட்டப்படி பதிவு செய்தபோது பத்திரத்தை எழுதிக்கொடுத்தவர் ஒரு வெள்ளை மெதடிஸ்ட் குரு. தங்கள் பணத்தில் தாங்கள் கட்டிய சொத்து மெதடிஸ்ட் தலைமையின் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது அவர்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

அதன்பின் ஏறக்குறைய 20 ஆண்டுகள் பத்திரத்துக்கான போராட்டம். 1807இல் உறுப்பினர்கள் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு விதிகளைத் திருத்தி, சொத்தின் கட்டுப்பாட்டைத் தங்கள் அறங்காவலர்களிடம் கொண்டுவந்தார்கள். வெள்ளைக் குருமார் ஏற்கவில்லை. 1815இல் பெத்தேல் கட்டடம் ஏலத்துக்கே வந்தது. ஆலன் ஏலத்தில் நின்று, 10,125 டாலருக்கு, தங்கள் கோயிலைத் தாங்களே மறுபடி வாங்கினார். 1816 தொடக்கத்தில் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் பெத்தேல் மக்களின் பக்கம் தீர்ப்பளித்தது. சில மாதங்களில் பல ஊர்களின் கறுப்பினச் சபைகள் கூடி ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையை உருவாக்கின. ஆலன் அதன் முதல் ஆயர். அந்த ஆறாவது தெரு இடம் இன்றும் அவர்களிடம்தான் இருக்கிறது.

ஒரே சொத்துக்கு இரண்டு முறை விலை கொடுத்திருக்கிறார்கள். கட்டுவதற்கு ஒரு முறை, கட்டியது தங்களுடையது என்று நிரூபிக்க இன்னொரு முறை. இந்தக் கணக்கு அமெரிக்கக் கறுப்பின வரலாறு முழுவதிலும் திரும்பத் திரும்ப வரும்.

இந்தக் கூடலின் ஆற்றல் ஆள்வோருக்கும் தெரிந்திருந்தது. தென்கரோலினாவில் அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதை 1740ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்திருந்தது. 1822இல் சார்ல்ஸ்டன் நகரில் டென்மார்க் வெசி என்பவர் கலகத்துக்குத் திட்டமிட்டதாகக் கூறி, அவரோடு சேர்த்து 35 பேரைத் தூக்கிலிட்டார்கள். அதோடு விடவில்லை. அவர் சார்ந்திருந்த ஆப்பிரிக்கத் திருச்சபையின் கட்டடத்தையும் இடித்தார்கள். அந்தச் சபையின் வழிவந்த இமானுவேல் தேவாலயத்தில்தான் 2015 ஜூன் 17 அன்று, வேதபாட வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக்கொன்றான்.

நிலம் கேட்டவர்கள்

1865 ஜனவரி 12. உள்நாட்டுப் போர் முடியப்போகிறது. ஜார்ஜியாவின் சவானா நகரில் வடக்குப் படைத்தளபதி ஷெர்மன், போர் அமைச்சர் ஸ்டாண்டன் இருவரும் விடுதலை பெற்ற மக்களின் பிரதிநிதிகளைச் சந்தித்தார்கள். வந்தவர்கள் 20 பேர். எல்லோரும் தேவாலயப் பணியாளர்கள், போதகர்கள். அவர்கள் சார்பில் பேசியவர் 67 வயது காரிசன் ஃப்ரேஸியர். அவரும் விலை கொடுத்துத் தன்னையும் மனைவியையும் மீட்டுக்கொண்டவர்.

உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது அவர் தயங்கவில்லை. நிலம் வேண்டும், அதை நாங்களே உழுது வாழ்வோம், பிறகு அதை விலைக்கு வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்வோம் என்பது அவர் சொன்னதன் சாரம். நான்கு நாளில் ஷெர்மனின் சிறப்பு ஆணை எண் 15 வந்தது. கடலோர நிலங்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக்கொடுக்கச் சொன்னது அது.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, “உங்கள் சார்பில் பேச யார் இருக்கிறார்கள்?” என்று அரசு கேட்டபோது பதில் சொல்லத் தேவாலயம் இருந்தது. வாக்குரிமையும் கட்சியும் இல்லாத மக்களுக்குப் பிரதிநிதிகளைத் தந்தது அந்த ஒரே ஏற்பாடுதான். இரண்டாவது, அந்த ஆணை கொடுத்தது அனுபவ உரிமை மட்டுமே. முழுப் பத்திரம் தரவில்லை. லிங்கன் கொல்லப்பட்ட பிறகு குடியரசுத் தலைவரான ஆண்ட்ரூ ஜான்சன், அதே ஆண்டில் பெரும்பாலான நிலங்களைப் பழைய அடிமை உடைமையாளர்களிடம் திருப்பிக் கொடுக்க வைத்தார். விதைத்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 40 லட்சம் பேர் விடுதலை பெற்றார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காலூன்ற ஓரடி மண் கிடைக்கவில்லை.

இரண்டு வங்கிகள்

நிலம் போயிற்று, சேமிப்பாவது மிஞ்சியதா? 1865 மார்ச் 3 அன்று ‘விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கி’க்கு நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. லிங்கன் கையெழுத்திட்டார். பாஸ்புக்கில் லிங்கன் படம் இருந்தது. இது அரசாங்க வங்கி, நம் பணத்துக்கு அரசாங்கமே பொறுப்பு என்று மக்கள் நம்பினார்கள். உண்மையில் அப்படி எந்தப் பொறுப்பையும் அரசு ஏற்கவில்லை. தொடக்கத்தில் அறங்காவலர்கள் அனைவரும் வெள்ளையர்.

கறுப்பினச் சிப்பாய்களின் சம்பளம், சலவைத் தொழிலாளிப் பெண்களின் காசு, சாவுச் சங்கங்களின் நிதி எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. முதலில் அந்தப் பணத்தை அரசுக் கடன் பத்திரங்களில்தான் போட வேண்டும் என்று விதி இருந்தது. 1870இல் விதி தளர்த்தப்பட்டது. அடமானக் கடனாகவும் கொடுக்கலாம் என்றானது. நிதிக் குழுவில் இருந்த ஹென்றி குக், அன்றைய பெரும் நிதி முதலாளி ஜே குக்கின் தம்பி. ஏழைகளின் சேமிப்பு நில வணிகர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் கடனாகப் போயிற்று. 1873இல் ஜே குக்கின் கம்பெனி விழுந்தது; நாடு முழுவதும் நிதி நெருக்கடி.

கப்பல் மூழ்கும் நேரத்தில், 1874 மார்ச்சில், ஃப்ரெடரிக் டக்ளஸை வங்கியின் தலைவராக்கினார்கள். அவர் நம்பிக்கையூட்டத் தன் சொந்தப் பணம் 10,000 டாலரைப் போட்டார். பயனில்லை. ஜூன் மாதம் வங்கி மூடப்பட்டது. 61,144 பேரின் கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர் முடங்கியது. வகுத்துப் பாருங்கள்: தலைக்கு 49 டாலர்கூட வராது. பெரிய மனிதர்களின் பணமல்ல அது. பிறகு பல ஆண்டுகளில் சிலருக்கு ஒரு பகுதி கிடைத்தது, பலருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. எல்லா முடிவுகளும் முடிந்த பிறகு ஒரு கறுப்பினத் தலைவரை நாற்காலியில் உட்காரவைத்து, சரிவின் பழியை அவர் தோளில் ஏற்றும் முறையையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்புக் மக்களிடம் இருந்தது. கணக்கேடு அவர்களிடம் இல்லை.

இரண்டாவது வங்கிக்கு வருவோம். வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் மேகி லீனா வாக்கர் என்ற பெண். 1864இல் பிறந்தவர். தாய் சலவைத் தொழிலாளி. சிறுமியாக இருந்தபோதே துணி மூட்டைகளைச் சுமந்துபோய்க் கொடுத்தவர். ‘செயின்ட் லூக் சங்கம்’ என்ற நோயுதவி, சாவுச் செலவுச் சங்கத்தில் சிறுவயதிலேயே சேர்ந்தார். 1899இல் அவர் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது கையிருப்பு 31 டாலர் 61 சென்ட்.

1901இல் அவர் சங்க மாநாட்டில் மூன்று தேவைகளை முன்வைத்தார்: ஒரு பத்திரிகை, ஒரு வங்கி, ஒரு கடை. 1902இல் பத்திரிகை வந்தது. 1903இல் ‘செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி’ திறக்கப்பட்டது. பெயரிலேயே பென்னி, சில்லறைக் காசையும் வாங்கும் வங்கி. பிள்ளைகளுக்குச் சின்ன உண்டியல் கொடுத்தார்கள். சமையல்காரியாகவோ சலவைக்காரியாகவோ மட்டுமே வேலை கிடைத்த நகரத்தில், கறுப்பினப் பெண்கள் மேசைக்குப் பின்னால் கணக்கர்களாக உட்கார்ந்தார்கள். 1904இல் ரிச்மண்ட் டிராம் வண்டிகளில் இனப்பிரிவினை வந்தபோது, வண்டியில் ஏறாதீர்கள் என்று அவருடைய பத்திரிகை எழுதியது.

எல்லாம் வெற்றியல்ல. கடை சில ஆண்டுகளில் மூடப்பட்டது. ஆனால் வங்கி நின்றது. 1930ஐ ஒட்டி மற்ற கறுப்பின வங்கிகளோடு இணைந்து, பெரும் பொருளாதார மந்தத்தைத் தாண்டியது. அந்த மந்தத்தில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வங்கிகள் விழுந்தன என்பதை நினைவில் வையுங்கள். முன்னதில் புரவலர்கள் இருந்தார்கள், நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இருந்தது, லிங்கன் படம் இருந்தது. பின்னதில் உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்கள் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டிய ஒரு பெண் அடுத்த தெருவில் குடியிருந்தார்.

கிரீன்வுட் சொல்லும் எச்சரிக்கை

அப்படியானால் எல்லாவற்றையும் நாமே கட்டி நாமே வைத்துக்கொண்டால் போதுமா? போதாது என்று ஓக்லஹோமாவின் டல்சா நகரம் சொல்கிறது. அங்கே கிரீன்வுட் பகுதியில் கறுப்பின மக்கள் விடுதி, திரையரங்கு, மருத்துவர், வழக்கறிஞர், பத்திரிகை எனத் தங்களுக்கென்று ஒரு நகரத்தையே எழுப்பியிருந்தார்கள். பத்திரங்கள் அவர்கள் பெயரில்தான் இருந்தன. 1921 மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டு நாளில் வெள்ளைக் கும்பல் சுமார் 35 குடியிருப்புத் தொகுதிகளை எரித்தது. 1,256 வீடுகள் எரிந்ததாகச் செஞ்சிலுவைச் சங்கம் கணக்கிட்டது. இறந்தவர் எண்ணிக்கையை 300 வரை மதிப்பிடுகிறார்கள். கலவரச் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற விதியைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் கையை விரித்தன.

அடுத்த சில நாளிலேயே நகராட்சி ஒரு தீத்தடுப்பு விதியைக் கொண்டுவந்தது. தீப்பிடிக்காத பொருளால்தான் கட்ட வேண்டுமாம். எரிந்துபோனவர்களால் திரும்பக் கட்ட முடியாத விலை அது. நிலத்தைக் கைப்பற்றும் வழி. வழக்கறிஞர் பக் ஃப்ராங்க்ளின் கூடாரத்தில் அலுவலகம் போட்டு வழக்காடி அந்த விதியை உடைத்தார். மக்கள் மீண்டும் கட்டினார்கள். பிறகு நகர்ப்புறச் சீரமைப்பு என்ற பெயரில் விரைவுச்சாலை கிரீன்வுட்டின் நடுவே போடப்பட்டது. தீயால் முடியாமல் போனது திட்ட வரைபடத்தால் முடிந்தது. பத்திரத்தைக் காக்கும் சட்டமும், சட்டத்தை நடத்தும் அரசில் பங்கும் இல்லாவிட்டால் சொந்த நிறுவனம் எரிகிற பொருள்தான். அதனால்தான் அந்த மக்கள் வாக்குரிமைப் போராட்டத்தையும் நிறுவனம் கட்டுவதையும் ஒருநாளும் பிரித்துப் பார்க்கவில்லை.

இரட்டை வரி

பள்ளிகளின் கதை இன்னும் சிக்கலானது. தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்கு அரசு ஒதுக்கிய பணம் வெள்ளைக் குழந்தைகளுக்கு ஒதுக்கியதில் சிறு பங்கு. இந்த நிலையில் புக்கர் டி. வாஷிங்டனின் யோசனைப்படி, சியர்ஸ் கம்பெனியின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட் 1912இல் கிராமப் பள்ளிகளுக்கு நிதி தரத் தொடங்கினார். 1932 வரை 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் எழுந்தன. 1920களின் இறுதியில் தெற்கின் கிராமப்புறக் கறுப்பினப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் இந்தப் பள்ளிகளில் படித்தார்.

ரோசன்வால்ட் பள்ளி என்றுதான் பெயர். ஆனால் அவரது நிதி கொடுத்தது சுமார் 44 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் கொடுத்தது சுமார் 47 லட்சம் டாலர். கோழி விற்றார்கள், விருந்து வைத்துப் பணம் திரட்டினார்கள், பருத்திக் காட்டில் ஒரு பாத்தியைப் பள்ளிக்கென்று ஒதுக்கினார்கள், மரம் அறுத்தார்கள், கூரை வேய்ந்தார்கள். இவர்கள் ஏற்கெனவே அரசுக்கு வரி கட்டியவர்கள். அந்த வரி வெள்ளைப் பள்ளிக்குப் போக, தம் பிள்ளைகளுக்காக மறுபடி கொடுத்தார்கள். வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்கு இட்ட பெயர் இரட்டை வரி. சுயஉதவியைப் புகழும்போது இதை மறக்கக் கூடாது. மக்கள் தாங்களே கட்டிக்கொண்டார்கள் என்ற பெருமை, அரசு கட்டவில்லை என்ற குற்றச்சாட்டும்தான்.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. பள்ளி முறையான அரசுப் பள்ளியாக நடக்க வேண்டுமானால் இடமும் கட்டடமும் உள்ளூர்க் கல்வி வாரியத்தின் பெயருக்கு எழுதித் தரப்பட வேண்டும். வாரியம் வெள்ளையர் கையில். ஒரு வகையில் சரியான கோரிக்கை, அரசைப் பொறுப்பேற்கச் செய்தார்கள். ஆனால் பத்திரம் போயிற்று.

விளைவு 1954க்குப் பிறகு தெரிந்தது. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகத்தான வெற்றி. அதைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் செயல்படுத்தும் அதிகாரம் பழைய வாரியங்களிடமே இருந்தது. இணைப்பு வந்தபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள். இடம் மாற வேண்டியிருந்தவர்கள் கறுப்பினப் பிள்ளைகள். 1954க்கும் 1965க்கும் இடையில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலையிழந்ததாக மதிப்பிடுகிறார்கள். வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம், இணைப்பதைவிட மூடுவதே மேல் என்று 1959 முதல் 1964 வரை எல்லா அரசுப் பள்ளிகளையும் மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி வந்தது. கறுப்பினப் பிள்ளைகளில் சிலருக்குத் தேவாலயத்தின் நிலவறையில் பாடம் நடந்தது. ஐந்தாண்டுப் படிப்பை இழந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

நுழைவுரிமை வேறு, நடத்தும் உரிமை வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வரலாறு எனக்குத் தெரியவில்லை. கதவு திறந்தது, உள்ளே பிள்ளைகள் போனார்கள், அவர்களை அறிந்த ஆசிரியர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

381 நாள்

இப்போது மான்ட்கோமெரிக்கு வருவோம். 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் கைதானார். கால் வலித்த தையல்காரி என்று பாடப்புத்தகம் சொல்லும். அவர் கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையின் செயலாளராக இருந்தவர். அவரை ஜாமீனில் எடுத்தவர்களில் ஒருவர் இ. டி. நிக்சன், ரயில் படுக்கைப் பெட்டிப் பணியாளர். ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் 1925இல் தொடங்கி, 12 ஆண்டு போராடி ஒப்பந்தம் வென்ற தொழிற்சங்கத்தில் பயின்றவர்.

அன்று இரவே அலபாமா அரசுக் கல்லூரியின் ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அடித்தார். அவர் தலைமை வகித்த பெண்கள் அரசியல் மன்றம் பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றி முன்பே யோசித்து வைத்திருந்தது. துண்டறிக்கை தேவாலயங்கள் வழியாக வீடு வீடாகச் சென்றது. டிசம்பர் 5 அன்று தேவாலயத்தில் கூட்டம். 26 வயதான புதிய போதகர் ஒருவரைத் தலைவராக்கினார்கள். அவர்தான் கிங். அவருடைய சம்பளத்தைச் சபை மக்களே கொடுத்தார்கள். அவரை வேலையை விட்டு நீக்க எந்த வெள்ளை முதலாளியாலும் முடியாது.

கறுப்பின டாக்சிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆளேற்றினார்கள். நகராட்சி குறைந்தபட்சக் கட்டணத்தைக் காட்டித் தடுத்தது. உடனே சொந்தக் கார்களைத் திரட்டி ஓட்டினார்கள். அதற்கான வழிமுறையை 1953இல் இதே போராட்டத்தை நடத்திய பேட்டன் ரூஜ் நகர மக்களிடமிருந்து கற்றார்கள். தேவாலயங்களின் பெயரில் வண்டிகள் வாங்கினார்கள். காப்பீடு ரத்தானபோது கறுப்பினக் காப்பீட்டு முகவர் ஒருவர் மூலம் லண்டனிலிருந்து காப்பீடு பெற்றார்கள். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண், பொரித்த கோழியும் பலகாரமும் விற்றுப் பெட்ரோலுக்குப் பணம் திரட்டினார். அவர் குழுவின் பெயர் ‘எங்கிருந்தும் வராத சங்கம்’. பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லிவிடலாம். கொடுத்த வேலைக்காரப் பெண்களுக்கு வேலை போகாது.

381 நாள். கோபம் மட்டும் இருந்தால் ஒரு வாரம் ஓடும். சமூகவியலாளர் ஆல்டன் மோரிஸ் 1984இல் எழுதிய ஆய்வில் இதைத்தான் விளக்கினார். அந்தப் போராட்டம் திடீரென வெடித்ததல்ல. தேவாலயம், சங்கம், கல்லூரி ஆகியவற்றின் ஆளும் பணமும் தகவல் தொடர்பும் அதைத் தாங்கின என்று காட்டினார். மோரிஸுக்கு முன்னோடி டுபாய்ஸ். 1899இல் வெளிவந்த அவருடைய ஃபிலடெல்பியா ஆய்வில் கறுப்பின மக்களின் நிறுவன வாழ்வுக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. சமூகவியல் மாணவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

உள்ளே இருந்த படிகள்

நம் நிறுவனம் என்பதால் அது நீதியானதாகிவிடாது. ஜரீனா லீ என்ற பெண் தனக்குப் போதிக்கும் அழைப்பு வந்திருக்கிறது என்று ரிச்சர்ட் ஆலனிடம் கேட்டபோது, திருச்சபை விதியில் பெண்ணுக்கு இடமில்லை என்றார் ஆலன். முழந்தாளிட்ட இடத்திலிருந்து எழுப்பப்பட்டதற்காக வெளியேறிய அதே ஆலன். பல ஆண்டுகளுக்குப் பின் அவரே ஜரீனா லீக்குப் போதிக்க அனுமதி கொடுத்தார். ஆனால் அந்தத் திருச்சபையில் ஒரு பெண் ஆயராக 2000ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

மான்ட்கோமெரியிலும் இது உண்டு. ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச்சில், 15 வயது கிளாடெட் கால்வின் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். அவரைப் போராட்டத்தின் முகமாக்கத் தலைவர்கள் விரும்பவில்லை. வயது, ஏழ்மை, நிறம், பிறகு திருமணமாகாமல் கர்ப்பமானது என்று காரணங்கள் சேர்ந்தன. ஆனால் மான்ட்கோமெரி பேருந்துகளில் இனப்பிரிவினையைச் சட்டப்படி முடித்த வழக்கில் வாதிகளில் ஒருவர் அதே கிளாடெட் கால்வின். எல்லா பார்க்கர், போதகர்களின் ஒற்றைத் தலைமையைத் தொடர்ந்து கேள்வி கேட்டவர் என்று எழுதினால் பிழையாகும். அவர் பெயர் எல்லா பேக்கர். 1960இல் மாணவர்கள் தங்களுக்கென்று தனி அமைப்புத் தொடங்கத் துணைநின்றவர் அவர். மாணவ நண்பர்கள் இந்தப் பெயரைச் சரியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கான கேள்விகள்

நிறமும் சாதியும் ஒன்றல்ல. அடிமைமுறைக்கும் தீண்டாமைக்கும் உள்ள வேறுபாட்டை அம்பேத்கரே விரிவாக எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் நடந்ததை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. ஆனால் அம்பேத்கர் போராட்டத்தையும் நிறுவனத்தையும் ஒன்றாகவே நடத்தினார் என்பதை மறந்துவிடுகிறோம். 1924இல் பகிஷ்கிரித் ஹிதகாரிணி சபை. பிறகு விடுதிகள், பத்திரிகைகள். 1945இல் மக்கள் கல்விக் கழகம். டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதிய அதே 1946இல் சித்தார்த்தா கல்லூரி.

ஆகவே நாம் நடத்தும் படிப்பகம், இரவுப் பள்ளி, சிற்றிதழ், சீட்டு, சங்கம் ஒவ்வொன்றைப் பற்றியும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இடத்தின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? கணக்கேட்டை உறுப்பினர் எவரும் கேட்டுப் பார்க்க முடியுமா? இதை நடத்துகிறவரை வெளியே இருக்கும் ஒருவர் ஒரே உத்தரவில் வேலையிழக்கச் செய்ய முடியுமா? உள்ளே பெண்களும், நம்மிலும் கீழே தள்ளப்பட்டவர்களும் எந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள்?

இவற்றோடு அரசை நோக்கிய கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. நாமே கட்டிக்கொண்டோம் என்பதற்காக அவர்கள் கட்ட வேண்டியது தள்ளுபடியாகாது. வரி ஒருமுறைதான் கட்ட வேண்டும்.

மாதம் ஒரு ஷில்லிங் கட்டியவர்களின் பெயர்களில் பெரும்பாலானவை நமக்குத் தெரியாது. ஏலத்தில் நின்று தங்கள் கோயிலை வாங்கிய பணம் அவர்களுடையது. இந்த மன்றத்தின் ரசீதுப் புத்தகத்தை இத்தனை ஆண்டு காத்த தோழரும் அந்த வரிசையில் வருகிறவர்தான். அந்தப் புத்தகத்தை அடுத்து யார் வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்பதை, இந்தக் கூட்டம் கலைவதற்கு முன் முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.